அவர் தோளில் என் கால்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். மளிகைச் சாமான் சீட்டும், மகளிர் குழு நோட்டில் கையெழுத்தும் தவிர இத்தனை வருஷத்தில் வேறு எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. என் மகள் திவ்யாதான் பேனாவைக் கையில் திணித்து, "நீ ஆளுங்ககிட்ட பேசத்தானேம்மா கூச்சப்படுவ, தாளுகிட்ட என்ன கூச்சம்? எழுது" என்றாள். அவள் தினமும் பஸ்ஸில் திருச்சிக்குக் கல்லூரி போய்வருகிறவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்ததும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் பொறாமைக்காரி. பக்கத்து வீட்டில் செம்பருத்தி இரண்டு பூ கூடுதலாகப் பூத்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வெளியே பார்த்தால் தெரியாது, ஏனென்றால் நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். பேசாதவர்களை ஊர் நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்கிறது. (எனக்கு அது ரொம்ப வசதி.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் காலால் பிறந்தவள். எல்லாக் குழந்தைகளும் தலையை முதலில் நீட்டி உலகத்தைப் பார்க்கும், நான் காலை நீட்டியிருக்கிறேன். (முகத்தைக் காட்ட அப்பவே கூச்சம் என்பாள் திவ்யா.) எங்கள் பக்கத்தில் காலால் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம்பிக்கை. கீரனூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் எங்கே யாருக்குக் கழுத்துப் பிடித்தாலும், இடுப்புப் பிடித்தாலும், தோள் பிடித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டும். கிழக்கே தலைவைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். வலிக்கிற இடத்தில் விளக்கெண்ணெய் தடவி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் மேலிருந்து கீழே மூன்று முறை இழுப்பேன். முடிந்ததும் குனிந்து அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், மனுஷரைக் காலால் தொட்ட பாவம் சேராமல் இருக்க. காசு வாங்கக்கூடாது, வாங்கினால் பலிக்காது என்பார்கள்.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். குப்புறப் படுத்திருப்பவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். நானும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சே தேவையில்லை. என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலையைக் கடவுளே உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பேங்க்கில் வரிசையில் நிற்கும்போது, "இவங்கதான் மிதிக்கிற அக்கா" என்று யாராவது காதைக் கடித்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் ஒரு அடி உயர்ந்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் எதிர்வீட்டு மாடிக்குச் சுகந்தி குடிவந்தாள். கட்டுமாவடிப் பக்கத்துப் பெண். முப்பது வயசு இருக்கும். புருஷன் சிங்கப்பூரில். இவள் கீரனூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போய்வந்தாள். வந்த முதல் வாரமே என் வீட்டுப் படியேறி, "அக்கா, நீங்களும் காலால பொறந்தவங்களாமே? நானும்தான்" என்று சிரித்தாள்.

"நீங்களும்" என்றாளே, அந்த ஒரு எழுத்து "ம்" என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அன்றைக்குச் சாயங்காலமே நான் திவ்யாவிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். "அவ பொறந்தது ஆஸ்பத்திரியிலயாம். ஆஸ்பத்திரியில காலு முன்னாடி வந்தா ஆபரேஷன் பண்ணித்தான எடுப்பாங்க? வயித்த அறுத்து எடுத்தா எப்புடிக் காலால பொறந்ததாகும்? அது கணக்குல சேராது."

திவ்யா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ வேணா போயி டிஸ்சார்ஜ் சீட்டு கேட்டுப் பாரும்மா" என்றாள்.

சீட்டு கேட்கிற தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது? ஜன்னலில் நின்று பார்ப்பதோடு சரி. அவள் காலைப் பார்த்தேன். வெடிப்பே இல்லாத குதிகால், மருதாணி வைத்த நகம், மெல்லிய மெட்டி. என் காலைப் பார்த்தேன். கோடையில் காய்ந்த கண்மாய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த நாள் வெடிப்புக்குப் போடுகிற கிரீம் ஒன்று வாங்கி, இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் பூசினேன். அதையும் அவள் வேலை பார்க்கிற கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. "ராத்திரி பூசி சாக்ஸ் போட்டுக்கங்கக்கா, சீக்கிரம் கேக்கும்" என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஆனால் என்னை உண்மையில் நோகடித்தது அவள் கால் இல்லை, வாய். அவள் கேள்வி கேட்டுத்தான் மிதிப்பாள். வந்தவர்களை உட்காரவைத்து, "விழுந்தீங்களா? கையத் தூக்க முடியுதா? வீங்கியிருக்கா, காச்சல் இருக்கா? வெரலு மரத்துப்போகுதா?" என்று அடுக்குவாள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். கேட்டுவிட்டு வந்தவர்களில் பாதிப்பேரை, "இது நம்ம காலுக்கு அடங்குறது இல்ல, டாக்டர்ட்ட போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மிதித்துப் பெயர் வாங்கலாம். மிதிக்காமலே பெயர் வாங்குகிறவளை என்ன செய்வது?

பால்காரர் மாணிக்கம் மொபெட்டிலிருந்து விழுந்து தோள்வலி என்று என்னிடம்தான் முதலில் வந்தார். மூன்று நாள் மிதித்தேன். மிதிக்கும்போதெல்லாம் அவர் ஊளையிட்டார். கெட்டியான சுளுக்கு, கத்தித்தான் விடும் என்று நினைத்தேன். நாலாம் நாள் அவர் எதிர்வீட்டு மாடி ஏறினார். அவள் காலையே வைக்கவில்லை. இரண்டு கேள்வி கேட்டாள், எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிட்டாள். காறை எலும்பில் விரிசலாம். கையைத் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் வந்த மாணிக்கம், என் வீட்டைத் தாண்டும்போது மட்டும் அந்தப் பக்கமாக ஒதுங்கி நடந்தார். அதற்குப் பிறகு சுகந்தி வீட்டுப் பால் என் வீட்டுப் பாலைவிடக் கெட்டியாக இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. (ஒரு நாள் திவ்யாவை விட்டு அவள் வீட்டில் ஒரு டம்ளர் கடன் வாங்கி, இரண்டையும் காய்ச்சிப் பார்த்தேன். ஆடை ஒன்றுபோலத்தான் இருந்தது. மனசு ஆறவில்லை.)

ஒரு வருஷத்தில் என் ஜன்னல் கம்பியில் தூசி படிந்தது. போகட்டும், ஊர் போனால் என்ன, வீடு இருக்கிறது என்று இருந்தேன். அந்த வீட்டுக்கும் ஆபத்து வந்தது போன மாசியில்.

என் வீட்டுக்காரர் செல்வராசு, கீரனூருக்கும் திருச்சிக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இருபத்தைந்து வருஷமாக இடது தோளில் பை தொங்குகிறது. அதனால் இடது தோளில் வலிக்கிறது என்று அவர் சொன்னபோது, பை செய்த வேலை என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார், டிரைவரும் சொன்னார். பையை வலது தோளுக்கு மாற்றிப் போட்டார். பை மாறியது, வலி மாறவில்லை. இடது தோளிலேயே இருந்தது. இதிலிருந்து எதையாவது புரிந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெரு மேட்டில் ஏறும்போது தோள் வலிக்கும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் நின்றுவிடும். "பாத்தியா புள்ள, வீட்டு வாசலப் பாத்ததும் வலி போயிருது. எல்லாம் ஒன் ராசி" என்பார். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் ஒரு தென்னை மட்டை என் தலையில் விழுந்திருந்தாலாவது புத்தி வந்திருக்கும்.

நீயே மிதித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஊரில் பாதித் தோள்களை மிதித்தவள், என் வீட்டுத் தோளை மட்டும் தொட்டதில்லை. கட்டின புருஷனைக் காலால் தொடுவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் இல்லை. தூக்கத்தில் தெரியாமல் கால் பட்டுவிட்டால்கூட எழுந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்பப் படுப்பேன். (அவர் கால் என் மேல் பட்டு அவர் எழுந்ததாக ஞாபகம் இல்லை.) தைலம் தேய்த்தேன், உப்பு ஒத்தடம் கொடுத்தேன். இரண்டு வாரம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்று போனவரைக் காணோம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடிப்படி அடியில் ஒரு ஜோடி செருப்பு. இடது செருப்பில் வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. அந்த ஊக்கைப் போட்டவள் நான்.

அந்தப் படியில் எத்தனை படி என்று எனக்குத் தெரியாது. ஏறியது ஞாபகம் இல்லை. மேலே கதவு விரியத் திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு, கிழக்கே தலைவைத்து, பாயில் குப்புறப் படுத்திருந்தார். இருபத்தொரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர், இன்னொருத்தி காலடியில்!

சுகந்தி தள்ளி நின்றாள். காலைத் தூக்கவில்லை. கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேட்டுல ஏறுனா கூடுதாண்ணே?"

"ஆமாம்மா. ஒக்காந்தா விட்டுருது."

"வேற எங்கிட்டாவது இழுக்குதா?"

"தாடைக்கு ஏறும்மா. கொஞ்சம் கொஞ்சமா இழுக்கும். நேத்து டிக்கெட் கிழிக்கயில நெஞ்ச யாரோ அமுக்குன மாதிரி இருந்துச்சு. வேத்துப்போச்சு."

எனக்கு வயிறு பற்றியெரிந்தது. அவர் சொன்ன விஷயத்துக்காக இல்லை. என்னிடம் ஒரு நாளும் சொல்லாத தாடையை இவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே என்றுதான்.

"அண்ணே, எந்திரிங்க. நான் மிதிக்க மாட்டேன்" என்றாள் சுகந்தி. அவள் குரல் மாறியிருந்தது. "இது சுளுக்கு இல்ல. இப்பவே போயி ஈசிஜி எடுங்க. நாளைக்குப் பாக்கலாம்னு இருந்துராதீங்க. கீழ ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா?"

"ஏங்க!" என்றேன் நான்.

அவர் பாயிலிருந்து தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். "வசந்தா! கொத்தமல்லி வாங்க வந்தேன் புள்ள" என்றார். பனியனோடு, பாயில் படுத்தபடி.

"எந்திரிங்க. வீட்டுக்கு வாங்க."

சுகந்தி குறுக்கே வந்தாள். "அக்கா, கோவப்படாதீங்க. அண்ணனுக்கு நெஞ்சுல ஏதோ இருக்கும்போல..."

"எம் புருஷன் நெஞ்சுல என்ன இருக்குன்னு ஒனக்கு எப்புடிடி தெரியும்?"

இதைக் கேட்டது நான்தான். பேங்க்கில் பேனா கேட்கக்கூட வெட்கப்படுகிற நான். கீழே குழாயடியில் நின்ற நாலு பெண்கள் குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் பொது இடத்தில் நான் பேசிய மிகப் பெரிய வசனம் அதுதான். இவ்வளவு முட்டாள்தனமான வசனத்துக்காகவா இத்தனை வருஷம் வாயைச் சேமித்து வைத்திருந்தேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். படியிறங்கி, தெருவைத் தாண்டி, எங்கள் வாசல் ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. மாட்டிக்கொண்டவருக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று நினைத்தேன்.

"ஏ புள்ள, அந்தப் பொண்ணு ஈசிஜின்னு சொல்லுது. ஒரு எட்டு போயி எடுத்துட்டு வந்துருவமா?"

"படுங்க."

"என்னது?"

"குப்புறப் படுங்க. நான் மிதிக்கிறேன்."

அவர் திகைத்துப்போனார். "நீயா? கட்டுன புருஷன் மேல காலு வைக்கலாமா? ஆகாது புள்ள."

"அவ காலு ஆகும், என் காலு ஆகாதா?"

அவரே பாயை எடுத்து விரித்தார். படுத்தார்.

திவ்யா கையில் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தாள். "அம்மா, வேணாம்மா. அந்தக்கா சொன்னதுல ஏதோ இருக்கு. அப்பா மொகமே சரியில்ல."

"நீ போயிப் படி."

அவள் போனாள். படிக்கப் போகவில்லை, தெருவைத் தாண்டி ஓடினாள் என்று பிறகுதான் தெரிந்தது.

விளக்கெண்ணெயைத் தடவினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். கல்யாணமாகி முதல்முறையாக என் வீட்டுக்காரர் தோளில் காலை வைத்தேன். மூன்று இழுப்போடு நிறுத்த வேண்டும், அதுதான் முறை. நான் நிறுத்தவில்லை. முதல் இழுப்பு கொத்தமல்லிக்கு. இரண்டாவது தாடைக்கு. மூன்றாவது அந்த மருதாணிக்கு. அதற்குப் பிறகு எண்ணவில்லை. மாணிக்கத்தின் பால், என்னிடம் வராமல் போன அத்தனை பேருடைய இடுப்பு, கழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு தோளில் இறக்கினேன்.

அவருக்கு முதுகெல்லாம் வேர்த்தது. பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது.

"வேக்குதா? அப்ப சுளுக்கு எறங்குது" என்றேன். வெற்றி என்று நினைத்தேன்.

"வசந்தா."

"சும்மா படுங்க."

"நெஞ்சுல ஏறி நிக்காத புள்ள. தாங்க முடியல."

"நான் தோள்லதான நிக்கிறேன்."

அவர் குரலே வராமல் கேட்டார். "அப்ப நெஞ்சுல நிக்கிறது யாரு?"

என் கால் அவர் தோளில் அப்படியே நின்றுவிட்டது. எடுக்கத் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. அவர் கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியாமல் பக்கவாட்டில் சரிந்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் மிதித்த எவருடைய முகத்தையும் நான் பார்த்ததே இல்லை என்று சொன்னேன் அல்லவா. அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. வாந்தி எடுத்தார்.

எனக்குக் கத்தக்கூடத் தெரியவில்லை. கத்திப் பழக்கம் இல்லையே. "ஏங்க, ஏங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் சில்லறை கேட்கிற குரலில்.

திவ்யாவும் சுகந்தியும் ஓடி வந்தார்கள். சுகந்தி காதில் போன். 108-க்குத் தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். "நடக்க விடாதீங்க. செவுத்துல சாச்சு ஒக்கார வைங்க. திவ்யா, கதவத் தொறந்து விடு, காத்து வரட்டும். அண்ணே, ஒண்ணும் இல்ல, வண்டி வந்துக்கிட்டு இருக்கு, என்னையப் பாருங்க." இவ்வளவும் ஒரே மூச்சில். அவர் தலையை அவள் தாங்கிப் பிடித்திருந்தாள். புருஷன் உயிர் ஊசலாடுகிற அந்த நிமிஷத்திலும், அவள் கை அவர் தலையில் இருக்கிறதே என்று எனக்குச் சுருக்கென்றது. அவளை விலக்கிவிட்டு அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவள் நகர்ந்து அவர் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் கையையும் நானே பிடித்திருக்கலாமே என்று இருந்தது.

வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். வண்டியில் வந்தவர், "விவரம் சொல்லத் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் ஏறுங்க" என்றார். நான் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

"வலி எப்ப ஆரம்பிச்சுதும்மா?"

எனக்குத் தெரியவில்லை.

"தாடை, கை எங்கயாவது பரவுச்சா? இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வேத்துச்சா? எத்தன நாளா இருக்கு?"

என் வீட்டுக்காரருக்குக் குழம்பில் எத்தனை கல் உப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் குறட்டை விடுவார் என்று தெரியும். வண்டிக்காரர் கேட்டதற்குச் சொல்ல, மாடியில் காதில் விழுந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அதுவும் நாக்கில் வரவில்லை. தெரிந்தவள் என் பின்னால் நின்றாள். நான் காலைப் படியிலிருந்து எடுத்தேன். "இவ ஏறட்டும். இவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றேன். அன்றைக்குக் காலையிலிருந்து நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுதிக் காட்ட என் படிப்பு போதாது.

"நீங்க யாரும்மா?" என்றார் அவர்.

"பொண்டாட்டி."

"ரெண்டு பேரும் ஏறுங்கம்மா, நேரமாகுது."

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். சுகந்தி டாக்டரம்மாவிடம் விவரம் சொன்னாள். மளமளவென்று நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள், ஒரு மாத்திரையைச் சவைக்கச் சொன்னார்கள். அந்த அவசரத்துக்கு நடுவே டாக்டரம்மா அவர் தோளைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன, இப்படிச் செவந்திருக்கு? எண்ணெயா வேற இருக்கு. எங்கயாவது விழுந்தாரா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். எல்லாம் சொன்னவள் இதை மட்டும் எனக்கென்று விட்டுவைத்தாள்.

தரையைப் பார்த்துக்கொண்டு, "மிதிச்சேன்" என்றேன்.

"எதை?"

"இவரை."

"எப்போ?"

"வலி வந்தப்ப."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் என் காலைப் பார்த்தார். அவசரத்தில் செருப்புப் போடாமல் வந்திருந்தேன். சேலைக் கொசுவத்துக்குள் காலை இழுத்துக்கொண்டேன்.

"ஏம்மா மிதிச்சீங்க?"

"நான் காலால பொறந்தவ டாக்டர்" என்றேன். அந்த அறையில் இதைவிடப் பொருத்தமில்லாத பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது. டாக்டரம்மா கோபப்படக்கூட இல்லை. "அப்புறம் பேசுறேன், வெளிய இருங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திவ்யா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். என்னிடம் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அதுதான் முதல்முறை. என்னைப் போலவே இருக்கிறாளே என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே அவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்க எழுந்து நாலு எட்டு வைப்பேன். வெள்ளைக் கோட்டு யாராவது எதிரே வந்தால் கூச்சத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவேன். இப்படி மூன்று தடவை. நாலாவது தடவை சுகந்தி எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"இருக்காருக்கா. ரத்தக்குழாயில அடைப்பாம். ஸ்டென்ட்டுன்னு கம்பிவலை வைக்கப் போறாங்க."

சாயங்காலம் டாக்டரம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிக்காத குறையாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். நிதானமாகத்தான் பேசினார். "தோள்ல வலின்னா தோள்லதான் கோளாறுன்னு இல்லம்மா. கையத் தூக்குனா, திருப்புனா வலிச்சா அது பெரும்பாலும் தோளோட சங்கதி. நடந்தா வருது, ஒக்காந்தா போகுதுன்னா நெஞ்சப் பாக்கணும். வேர்த்து, மூச்சு வாங்கி, தாடைக்கு ஏறுச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்கக்கூடாது. அந்தப் பொண்ணு சரியாச் சொல்லியிருக்கு. நீங்க மிதிச்சதால அடைப்பு வரல. ஆனா மிதிச்சுக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அந்த நேரம்... இன்னும் ஒரு அரை மணி நேரம் போயிருந்தா..."

அவர் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தை நான் இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது முடித்துப் பார்க்கிறேன்.

டாக்டரம்மா எழுந்து போனதும், வயசான நர்ஸம்மா ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, "எனக்கு ஒரு மாசமா இடுப்புப் பிடிச்சிருக்கும்மா. ஒங்க ஊரு எங்கிட்டு இருக்கு?" என்றார். நான் சுகந்தியைக் கைகாட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பிழைத்து வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நெஞ்சுவலி ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது. என் குதிகால் பட்ட தோள் மட்டும் மூன்று வாரம் கன்றிப்போய் இருந்தது, அதற்குத் தனியாகக் களிம்பு கொடுத்தார்கள். இப்போது பாதி நாள் மட்டும் வேலைக்குப் போகிறார். பஸ்ஸில் யார் தோளைத் தடவினாலும், "ஏறுறப்ப வலிக்குதா, ஒக்காந்தா விடுதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் கொடுக்கிறாராம். என்னிடமும் எப்போதாவது ஒருவர் இருவர் வருகிறார்கள். நானும் இப்போது கேள்வி கேட்கிறேன். கேட்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம். விழுந்தவர், வீங்கியவர், காய்ச்சல்காரர், விரல் மரத்தவர், வேர்த்தவர் யாரையும் பாயில் படுக்க விடுவதில்லை. இதையெல்லாம் அவளிடம் கற்றுக்கொண்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

வீட்டில் எனக்குக் கோபம் வந்து நான் கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும், அவர் தோளைப் பொத்திக்கொண்டு, "ஏ திவ்யா, 108-க்குச் சொல்லு, ஒங்கம்மா காலத் தூக்குறா" என்பார். விருந்தாளிகள் வந்தாலும் இதையே சொல்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். "நல்லவேளை, சுகந்தி இருந்துச்சு" என்றும் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். சொல்லும்போது இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை சுகந்தி எங்களுக்கு இட்லி கொண்டுவந்தாள். வராந்தாவில் உட்கார்ந்து நாலு சாப்பிட்டேன். சட்னி என்னுடையதைவிட நன்றாக இருந்தது.